நின்ற ரயிலில் வரைந்த தவளை

"செயினை யாரும்மா இழுத்தது?"

கார்டு கீழே சரளைக்கல்லில் நின்றபடி, எங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மாசி மாதக் காலை. பிச்சாண்டார்கோவிலைத் தாண்டி, கொள்ளிடம் பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் பாசஞ்சர் வண்டி நின்றுகொண்டிருந்தது. முன்னால் இஞ்சின் புஸ்புஸ்ஸென்று கோபித்துக்கொண்டிருந்தது.

பெண்கள் பெட்டியில் நாங்கள் ஏழு பேர். எல்லோரும் கல்லூரிப் பெண்கள். மற்ற நேரத்தில் எங்கள் வாயை மூட ஒரு போலீஸ்காரர் போதாது. அன்றைக்கு ஒருத்தியும் மூச்சு விடவில்லை.

நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. மடியில் பலகை, பலகை மேல் ரெக்கார்டு நோட்டு, நோட்டில் வயிறு திறந்த தவளை ஒன்று. அதன் இதயத்திலிருந்து வலது பக்கம் போகும் ரத்தக் குழாயைப் பாதி வரைந்திருந்தேன். நடுவில் பென்சிலை எடுத்தால் கோடு ஒட்டுப் போட்டது போல் ஆகிவிடும்.

"உங்களைத்தாம்மா கேக்கறேன். விளையாட்டா இருக்கா? எதுக்காக இழுத்தீங்க?"

உண்மையைச் சொல்வதென்றால் 'தவளைக்காக' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நேரே ரயில்வே போலீஸ்தான்.

கார்டு அங்கேயே நிற்கட்டும். அவர் ஏன் நின்றார் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆளுக்கொரு தொழில்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் வீட்டுச் செவலைப் பசுவைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? படித்துவிட்டு என் மகள், "மாடு போதும்மா, காலேஜுக்கு வா" என்றாள். அவள் ஃபிளாட்டுக்கு எதிரே ஒரு பெண் படித்துக்கொண்டே கேக் செய்து விற்கிறாளாம். அதற்கு ஸ்டார்ட்-அப் என்று பெயராம். "உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று கேட்டாள் பாருங்கள், எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

ஏதா? அறுபதுகளின் தொடக்கத்தில் லால்குடியிலிருந்து திருச்சிக்குப் போன அந்தக் காலைப் பாசஞ்சரில் தொழில் இல்லாத மாணவரே கிடையாது. பக்கத்துப் பெட்டிப் பையன்களில் ஒருவன் பேனா நிப்பு மாற்றிக் கொடுப்பான். இன்னொருவன் எங்கள் ஊர் வாழைத்தாரை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்ச் சீப்புச் சீப்பாக விற்பான். அவன் சட்டை முழுக்க வாழைக்கறை. கணக்குப் பாடத்தில் புலி என்று பெயர் வாங்கிய ஒருவன் டியூஷன் எடுத்தான். அவனிடம் படித்த மூன்று பேரும் பாஸ், அவன் ஃபெயில்.

இது போதாதென்று மாலையில் டைப்ரைட்டிங், சனிக்கிழமை சமூக சேவை. சேவைக்குப் போனால் ஒரு சர்டிபிகேட் தருவார்கள். எங்களுக்கு நாட்டுப் பற்று உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த சர்டிபிகேட்டில் சிவப்பு மை முத்திரை இருக்கும்.

என் தொழில் தவளை.

தவளைக் கம்பெனி

நான் விலங்கியல் படித்தேன். ஒவ்வொரு வாரமும் எதையாவது அறுத்து, பார்த்ததை ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைய வேண்டும். ஆண்டு முடிவில் ஆசிரியை கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வுக்குள் விடுவார்கள். கையெழுத்து இல்லையென்றால் அந்த வருஷம் அம்பேல்.

எனக்குப் படம் வரும். யாரும் கற்றுக்கொடுத்ததல்ல. எங்கள் தெருவில் கல்யாணம் நிச்சயமான எல்லாப் பெண்களின் தலையணை உறைக்கும் ஜோடிக் கிளி வரைந்து கொடுத்தது நான்தான். நான் வரைந்த முதல் தவளைக்குக்கூட லேசாக மூக்கு வளைந்து, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ வைத்தால் தேவலை போலத்தான் இருந்தது. போகப் போகத் தவளை தவளையாயிற்று.

வகுப்பில் படம் வராதவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் என் வாடிக்கைக்காரர்கள். அதில் பத்மா கூட்டாளியும்கூட. ஸ்ரீரங்கத்துக்காரி. அப்பா லால்குடியில் போஸ்ட்மாஸ்டராக இருந்ததால் எங்களோடு ரயிலில் வருவாள். தவளையை அறுக்கும்போது "ரங்கா, ரங்கா" என்று கண்ணை மூடிக்கொள்வாள். மூன்று முறை நிஜமாகவே மயங்கி விழுந்திருக்கிறாள். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆறு நோட்டுக்கு ஆறு விதமாக எழுதத் தெரியும். நான் படம் வரைவேன், அவள் பாகங்களின் பெயரை எழுதுவாள்.

கூலி? ஒருத்தி கொய்யாப்பழம் தருவாள். ஒருத்தி மல்லிகைச் சரம். ஒருத்தி மாதத்தில் ஒரு நாள் டவுனில் மசால் தோசை வாங்கிக் கொடுப்பாள். காசாகக் கொடுத்தவர்கள் தயவில் என் சீசன் டிக்கெட்டுக்கு அப்பாவிடம் நான் கை நீட்டியதில்லை.

ஸ்டெல்லா தந்தது பென்சில். அவள் அப்பா லால்குடியில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலமாக ரயில்வேக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தப் பென்சில்களில் தேய்ந்து போன துண்டுகளைச் சேர்த்து எனக்குக் கொண்டுவருவாள். நல்ல ரத்தத்துக்குச் சிவப்பு, கெட்ட ரத்தத்துக்கு நீலம். தவளைக்கென்றே செய்தது போலிருக்கும்.

கம்பெனிக்கு ஒரே சட்டம், கொள்ளிடம் வந்தால் கடையை மூடிவிட வேண்டும். இரண்டு காரணம். பாலத்தில் ரயில் தடதடவென்று ஆடும், கோடு நடுங்கிவிடும். பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கேதான் அலமேலு மிஸ் எங்கள் பெட்டியில் ஏறுவார்.

அலமேலு மிஸ்தான் எங்கள் விலங்கியல் ஆசிரியை. ஒல்லி உடம்பு, கஞ்சி போட்ட புடவை. சிரித்து யாரும் பார்த்ததில்லை. பாலத்தில் பத்மா கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது நாங்கள் நோட்டுகளைப் பைக்குள் போட்டுக்கொள்வோம். மிஸ் ஏறும்போது ஏழு பேரும் பாடப் புத்தகத்தில் மூழ்கியிருப்போம். ஒருமுறை அவசரத்தில் நான் தலைகீழாகப் பிடித்து மூழ்கியிருந்தேன்.

பத்மா சொன்னதும் நான் கேட்காததும்

"எல்லாருக்கும் ஒரே மாதிரி நன்னா வரைஞ்சா மாட்டிண்டுடுவோம்டி. அவாவாளுக்குத் தகுந்த தவளையா போடு" என்று பத்மா ஆரம்பத்திலேயே சொன்னாள்.

நியாயம்தான். ஒருத்திக்குக் கொஞ்சம் கோணல், ஒருத்திக்குக் கொஞ்சம் தடித்த கோடு என்று போட்டேன். ஸ்டெல்லாவுக்கு மட்டும் மனசு வரவில்லை. முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் நோட்டில் என் திறமை முழுவதையும் கொட்டினேன். தற்பெருமைதான், வேறென்ன? ஒரு நோட்டிலாவது என் கை முழுசாகத் தெரியட்டும் என்று ஆசை.

என் சொந்த நோட்டு? 'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்பார்களே, அதை நம்பி விட்டுவிட்டேன். பிள்ளை வளரலாம், தவளை வளரவில்லை. வீட்டில் வரையலாம் என்று உட்கார்ந்தால் அம்மா தலையணை உறையை நீட்டுவாள். கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தபோது, சமூக சேவை முகாம் வந்தது.

துவாக்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்போது அங்கே பெரிய கல்லூரியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் செம்மண். ஒரு வாரம் தங்கி ரோடு போட்டோம். முதல் நாள் நாங்கள் மண்வெட்டி பிடித்த அழகைப் பார்த்து ஊர்ப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். "கண்ணு, காலை வெட்டிக்காதீங்க. நீங்க அந்த மர நிழல்ல நில்லுங்க, நாங்க போட்டுடறோம்" என்றார் ஒரு அம்மாள். ரோட்டைப் போட்டது அவர்கள்தான். சர்டிபிகேட் எங்களுக்கு.

திரும்பி வந்தால் நோட்டு கொடுக்க இரண்டே நாள். முகாமிலிருந்து வந்த பஸ்ஸில் கொஞ்சம், ரயிலில் கொஞ்சம், என் சட்டத்தை நானே மீறிக் கொள்ளிடம் பாலத்தின் மேலேயே கொஞ்சம் என்று வரைந்து கொடுத்தேன்.

குளிர் ஜுரம் வந்த தவளை

வெள்ளிக்கிழமை வகுப்பில் அலமேலு மிஸ் என் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"ராஜேஸ்வரி, இதுக்கு என்ன, குளிர் ஜுரமா? ஏன் இப்படி நடுங்கறது?"

வகுப்பே சிரித்தது. என் வாடிக்கைக்காரர்களும் சிரித்தார்கள், நன்றி கெட்டவர்கள்.

"ஓடற ரயில்ல வரைஞ்சிருக்கே. எனக்குத் தெரியாதா? ஸ்டெல்லா நோட்டைப் பாரு. என்ன கை! ரெண்டு நாள் அவகிட்ட உட்கார்ந்து கத்துக்கோ. அத்தனை படத்தையும் திருப்பி வரைஞ்சு திங்கக்கிழமை கொண்டு வா. மறுபடி ரயில்ல வரைஞ்சேன்னு தெரிஞ்சா கிழிச்சுப் போட்டுடுவேன். கையெழுத்து கிடையாது."

ஸ்டெல்லாவிடம் நான் படம் கற்றுக்கொள்ள வேண்டுமாம்! ஒரு வட்டம் போடச் சொன்னால் உருளைக்கிழங்கு போடுகிறவள் அவள். பாவம், அவமானத்தில் அவள் என்னைவிட அதிகமாகக் குன்றிப்போனாள். வாய்விட்டுச் சொல்ல இருவருக்கும் வழியில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருந்தது. என்னைக் கல்லூரியில் சேர்க்கும்போதே அப்பா சொல்லியிருந்தார்.

"நீ ஆசைப்பட்டே, சேத்துட்டேன். ஆனா ஒரு வருஷம் தவறிச்சுன்னா அப்புறம் பேச்சே கிடையாது. தொட்டியத்துக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிடுவேன்."

தொட்டியத்துக்காரர்கள் என்றால் ஒரு மாப்பிள்ளை, இருபது ஏக்கர் வாழை, ஒரு மீசை. மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபமொன்றும் இல்லை. அவரை நான் பார்த்ததே இல்லை. படிப்பு முடியவில்லையே என்றுதான் ஆத்திரம். எங்கள் வயல்காரக் குடும்பத்தில் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் பெண் நான். கையில் பிடித்ததைப் பாதியில் விட எனக்கு மனசில்லை.

சனிக்கிழமை முழுக்க வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமை யார் வந்து நின்றார்கள் தெரியுமா? அதே தொட்டியத்துக்காரர்கள்தான். இரண்டு தார் பூவன்பழத்தோடு, "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்றார்கள். லால்குடிக்குச் சும்மா யார் இரண்டு தாரோடு வருவார்கள்?

மாப்பிள்ளையின் அம்மா நான் எதையோ ஒளிப்பதைப் பார்த்துவிட்டார். "பொண்ணு என்னமோ வரையுதே, கோலமா? காட்டு பாப்போம்."

காட்டினேன். நோட்டை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"குடலெல்லாம் வெளியில இருக்கே?"

"ஆமாங்க. அறுத்துப் பாத்துதாங்க வரைவோம்."

"நீயா அறுப்பே?"

"ஆமாங்க."

அந்த அம்மாள் தன் வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டார். அவர்கள் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ரயில் ஏறும்போது ஒரே ஒரு படம் பாக்கி இருந்தது. தவளையின் ரத்தக் குழாய்கள். இருப்பதிலேயே கஷ்டமானது.

சங்கிலி

லால்குடியில் வண்டி கிளம்பியதும் ஆரம்பித்தேன். சுற்றி ஆறு பேரும் காவல். ஒருத்தி பென்சில் சீவினாள், ஒருத்தி ரப்பர் பிடித்தாள், என் கை ஆடாமல் இருக்கப் பத்மா பலகையைப் பிடித்துக்கொண்டாள். வாளாடி போயிற்று. இதயம் முடிந்தது. பிச்சாண்டார்கோவில் போயிற்று. இடது பக்கக் குழாய்கள் முடிந்தன. வலது பக்கம் அப்படியே இருந்தது.

"பாலம் வந்துடுத்துடி" என்றாள் பத்மா, அழுகிற குரலில்.

"அஞ்சு நிமிஷம் போதும். அஞ்சே நிமிஷம்" என்றேன். ரயிலிடம் கேட்டேனா, ரங்கநாதரிடம் கேட்டேனா, தெரியாது.

காதில் வாங்கிக்கொண்டது ஸ்டெல்லா. எழுந்தாள், பெஞ்சு மேல் ஏறினாள், அபாயச் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினாள். வகுப்பில் கேள்வி கேட்டால் முந்தானையைத் திருகுகிற ஸ்டெல்லா! அதுவும் ரயில்வேக்காரர் மகள்!

"ஐயோ, என்னடி பண்றே?"

"திரும்ப பிரேக்கைச் சரிபண்ணி வண்டி எடுக்க அஞ்சு நிமிஷமாவது ஆகும். எங்கப்பா சொல்லியிருக்காங்க. நீ பேசாம வரைடி!" என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

இப்போது கார்டிடம் வரலாம். "எதுக்காக இழுத்தீங்க?" என்று கேட்டாரல்லவா? ஸ்டெல்லா பத்மாவின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பத்மா அனுபவசாலி. "ரங்கா" என்று ஒரு முனகல், அடுத்த நொடி பெஞ்சில் மல்லாந்துவிட்டாள்.

"மயக்கம்ங்க" என்றோம் கோரஸாக.

கார்டு எட்டிப் பார்த்தார். பத்மாவைப் பார்த்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"நீ லால்குடி சார் பொண்ணுல்ல?"

ஸ்டெல்லா தலையாட்டினாள். கண்ணில் நீர் நின்றது. கார்டு பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு மயக்கத்துலயும் இந்தப் பொண்ணு மட்டும் எதுக்குப் படம் போடுது?"

"பரீட்சைங்க" என்றேன், தலையைத் தூக்காமல்.

அவர் ஜன்னல் கம்பியை விட்டார். "மூஞ்சில தண்ணி தெளிங்க. நான் போய் பிரேக்கைச் சரி பண்ணணும், அஞ்சு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கணும்" என்று என் நோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

கார்டின் விசில் கேட்டபோது கடைசிக் குழாயின் நுனியில் பென்சிலை எடுத்தேன். பாலத்தின் மேல் ரயில் தடதடத்தபோது நோட்டு பைக்குள் இருந்தது, கோடு தப்பித்தது.

யார் கை?

வண்டி தாமதமானதால் ஸ்ரீரங்கத்தில் எதிர்வண்டிக்காக நிறுத்திப் போட்டார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறிய அலமேலு மிஸ் உட்கார்ந்ததும் கையை நீட்டினார்.

"நோட்டைக் கொடு."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் படத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலில் கரி ஒட்டியது.

"இப்பதான் வரைஞ்சதா? ஓடற ரயில்லயா?"

"இல்லை மிஸ். நின்ன ரயில்ல."

பொய் சொல்லவில்லை பாருங்கள்.

மிஸ் நோட்டை மூடினார். "எனக்குக் கண் இருக்கு ராஜேஸ்வரி. வருஷம் பூரா திருத்தறேன். இது ஸ்டெல்லாவோட கை. கத்துக்கோன்னா, அவளையே வரையச் சொல்லிட்டியா? நான் கையெழுத்துப் போட முடியாது."

என் கையால், என் நோட்டில், நானே வரைந்த தவளை! அது என்னுடையது இல்லையாம். வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஸ்டெல்லா இருந்தாள். நான் உண்மையைச் சொன்னால் அவள் வருஷம் போகும். சொல்லாவிட்டால் என் வருஷம் போகும். இப்போதுதான் எனக்காகச் சங்கிலியில் தொங்கியவள். வாயை மூடிக்கொண்டேன். அழுகையை மறைக்கவில்லை, அழுதேன்.

ஸ்டெல்லா தன் பையைத் திறந்தாள். தன் நோட்டை எடுத்து மிஸ் மடியில் வைத்தாள்.

"இதுல இருக்கறதும் ராஜி கைதான் மிஸ். எனக்கு வரையவே வராது."

மிஸ் அவளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் எப்படி நம்பறது?"

தன் டயரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். "வரை."

எதிர்வண்டி போய், எங்கள் வண்டி கிளம்பிற்று. காவிரிப் பாலத்தின் மேல், தடதடக்கும் ரயிலில், என் பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா வரைந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, வியர்த்துக்கொண்டு வரைந்தாள். மிஸ் எட்டிப் பார்த்தார். உதடு துடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அலமேலு மிஸ் சிரித்ததை நாங்கள் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

"போறும் ஸ்டெல்லா, போறும். நம்பிட்டேன்" என்றார்.

அதுவரை மயக்கத்தில் படுத்திருந்த பத்மா எழுந்து உட்கார்ந்தாள். "என்னுதும் ராஜிதான் மிஸ்." அவளைப் பார்த்து மற்ற நாலு கைகளும் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

டவுன் ஸ்டேஷன் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து மிஸ் என் நோட்டில் கையெழுத்துப் போட்டார். மார்க்கில் தாராளமாகக் குறைத்துக்கொண்டார். மற்ற ஆறு பேரும் புதன்கிழமைக்குள் தாங்களே வரைந்து தர வேண்டும் என்றார். "ராஜேஸ்வரி பக்கத்துல உட்கார்ந்து வாயால சொல்லலாம். பென்சிலைத் தொட்டா ஏழு நோட்டும் காவிரிக்குப் போகும்."

தவளைக் கம்பெனி அன்றோடு இழுத்து மூடப்பட்டது. இரண்டு நாளும் லால்குடி ஸ்டேஷன் பெஞ்சில் வகுப்பு நடந்தது. என் கை பரபரக்கும், பின்னால் கட்டிக்கொள்வேன். புதன்கிழமை ஆறு கண்றாவித் தவளைகளுக்கும் கையெழுத்து விழுந்தது. ஸ்டெல்லா தன் நோட்டைத் தடவிக்கொண்டு, "இது என்னுதுடி" என்றாள். இத்தனை மாதம் நான் வரைந்து கொடுத்த எதையும் அவள் அப்படித் தடவியதில்லை.

ஏழு பேரும் பாஸ். தொட்டியத்திலிருந்து அப்புறம் தகவலே வரவில்லை. அப்பாவுக்குக் காரணம் புரியவில்லை, நானும் சொல்லவில்லை. கடுதாசி வந்ததா என்று அவர் கேட்கும்போதெல்லாம் அந்தப் பூவன்பழத்தின் ருசி எனக்கு நினைவு வரும்.

நான் வரைந்த தவளைகளில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. என் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் ஸ்டெல்லா வரைந்த அந்த டயரித் தாள் இருக்கிறது. அன்றைக்கு மிஸ் அதைக் கீழே போட்டுவிட்டு இறங்கினார், நான் எடுத்து வைத்துக்கொண்டேன். போன மாதம் மகள் அலமாரியைக் குடையும்போது கையில் அகப்பட்டது.

"இது என்னம்மா, மாங்காயா?"

"தவளைடி. நல்லாப் பாரு."

பார்த்தாள். "மூணு கால்தானே இருக்கு?"

ஆமாம். நாலாவது கால் போடுவதற்குள் மிஸ் 'போறும்' என்றுவிட்டார்.